கிளிமீனும் கை நனைப்பும்

என் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தது ஒரு மீன். ஜாதகம் பொருந்தியிருந்தது. பேச்சுவார்த்தை முடிந்திருந்தது. பெரியவர்கள் மாதம்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பச்சையும் நீலமுமாகப் பளபளத்துக்கொண்டு ஒரு மீன் எங்கள் காம்பரா வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. அதைப் பற்றி இன்றைக்கு எனக்கு நிறையத் தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன்.

எங்கள் தோட்டம் கொட்டகலைக்கு மேலே, மூடுபனி அதிகாலையில் ஏறி வந்து நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக் கூரையில் குந்திக்கொள்ளும் உயரத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன, ஆனால் எங்கள் பங்களாவில் இன்னும் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். லயத்தில் முக்கால்வாசிப் பேர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கு மீன் என்றால் கருவாடு. அதை விட்டால் டின் மீன். ஆற்றில் துரைமார் வளர்த்துவிட்ட மீன்கள் உண்டு, ஆனால் அவை துரைமார் தூண்டில் போடுவதற்கானவை. நாங்கள் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தாலே காவற்காரன் முறைப்பான்.

மாப்பிள்ளை லொறி ஓட்டினார். அவருடைய அப்பா அம்மா பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார்கள். அவர் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு எங்கள் மலைக்குக் கீழே உள்ள ரோட்டில் ஹட்டனுக்குப் போய் வருவார். மழைக்காலத்தில் கூடையோடு அந்த ரோட்டைக் கடப்பது எங்களுக்குப் பெரிய பாடு. லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு பறப்பார்கள், நாங்கள் தலையிலிருந்து கால் வரை சேறாகி நிற்போம். ஒரே ஒரு லொறி மட்டும் எங்களைக் கண்டதும் மெதுவாகி நிற்கும். கடைசிப் பெண் கடக்கும் வரை அந்த டிரைவர் கண்ணாடிக்குள் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். எனக்கு அது போதும். அந்த லொறிக்காரர் வீட்டிலிருந்தே பெண் கேட்டு ஆள் வந்தபோது, நான் முகத்தை எட்டு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே பல்லைக் காட்டினேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சம்பந்தம் உறுதியாகும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். தேத்தண்ணி குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், சோற்றில் கை வைக்க மாட்டார்கள். எல்லாம் பேசி முடிந்த பிறகு ஒரு நாள் வந்து சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் கை நனைப்பு. கை நனைந்துவிட்டால் யாரும் பின்வாங்க முடியாது. கை நனையாமல் எழுந்துவிட்டால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். பரிசம் தாலியெல்லாம் அப்புறம்தான்.

பேசி முடித்துக் கிளம்பும்போதே மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டுப் போனார்: "எங்க வீட்டுக்காரருக்குக் கடல் மீன்னா உசுருங்க. வேற ஒண்ணும் மெனக்கெட வேணாம்." வேற ஒண்ணும் வேணாம் என்றால் மீன் கட்டாயம் வேணும் என்று பொருள். அம்மா உடனே அப்பாவைப் பார்த்தார்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்திருந்தது. தளிர் இலையில் அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம் கட்டி, கொழுந்து வீணாகிவிடும். அதற்குச் செம்பு கலந்த மருந்தைத் தண்ணீரில் கரைத்து அடிப்பார்கள். அப்பா மருந்தடிக்கும் ஆள். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு மலை மலையாக ஏறி அடிப்பார். மருந்தைக் கரைப்பதும் அவர்தான். அந்தத் தூளின் நிறம் மயில்துத்தம் மாதிரி இருக்கும், நீலத்தோடு சேர்ந்த பச்சை. அப்பாவின் நகக்கண்ணிலும் உள்ளங்கை ரேகையிலும் அந்த நிறம் ஏறி உட்கார்ந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தார், தேங்காய் மட்டை போட்டுத் தேய்த்தார், அது போகவில்லை. எனக்கு அந்தக் கை பிடிக்கும். கூட்டத்தில் அப்பாவின் கை எது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

சனிக்கிழமை அப்பா கொட்டகலைக் கடைவீதிக்குப் போனார். தோரா மீன் வாங்குவதாகத் திட்டம். மீன் விற்கும் முஸ்லிம் நானாவின் கடையில் தோரா தீர்ந்துபோயிருந்தது. ஐஸ் பெட்டியின் அடியில் ஒரே ஒரு பெரிய மீன் கிடந்தது. "கிளிமீன், திருக்கோணமலையிலிருந்து லொறியில வந்தது. சதை வெள்ளையா இருக்கும், முள்ளு கொறவு. நம்பிக் கொண்டு போங்க" என்றாராம் நானா. அப்பா நம்பிக் கொண்டுவந்தார்.

சாக்கைப் பிரித்ததும் லயமே எங்கள் வாசல் இஸ்தோப்பில் கூடிவிட்டது. இப்படி ஒரு மீனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் பச்சை. ஒவ்வொரு செதிலுக்கும் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் கோடு. வாயைச் சுற்றி நீலப் பட்டை. வாய் என்றா சொன்னேன், அது அலகு. மேலே ஒன்று கீழே ஒன்று என்று பற்களெல்லாம் ஒட்டிப்போய் நிஜமாகவே கிளியின் மூக்குப் போல இருந்தது. அந்தப் பல்லும் பச்சை நீலம்தான்.

"கிளியைப் போயி எப்புடிங்க கறி வைக்கிறது? மீனாட்சி கையில இருக்குறதாச்சே" என்றார் அம்மா.

"மீனாட்சி பேருலயே மீன் இருக்கு. ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றார் அப்பா.

செதில் ஒவ்வொன்றும் பெரிய தோடு அளவு. அம்மாவின் அரிவாள்மனை வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் அப்பா தன் கவ்வாத்துக் கத்தியை எடுத்துச் சுத்தமாகக் கழுவி, அதைக் கொண்டு வெட்டினார். தேயிலை மரத்தையே சீவித் தள்ளுகிற கத்திக்கு மீன் எந்த மூலைக்கு? புளியும் மிளகாயும் தேங்காய்ப்பாலும் போட்டு அம்மா குழம்பு வைத்தார். மறுநாள் அதைச் சூடாக்கியபோது அந்த வாசத்துக்கு நாலு காம்பரா தள்ளியிருந்தவர்களெல்லாம் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து போனார்கள்.

ரயிலில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டாரை மேளம் இல்லாத குறையாக அழைத்து வந்தோம். பாய் விரித்து, எனாமல் தட்டு வைத்து, சோறு பரிமாறியாயிற்று. பெரிய மனிதருக்கு மீன் தலை வைப்பதுதான் மரியாதை என்று அம்மா மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தலையை வைத்தார். அந்த மனிதர் பாவம், ஆசை ஆசையாகக் குனிந்து விரலால் குழம்பை ஒதுக்கப் போனார். உள்ளேயிருந்து நீலப் பல் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் கை அப்படியே நின்றது. பக்கத்துத் தட்டில் ஒரு துண்டிலிருந்து எலும்பு எட்டிப் பார்த்தது, அதுவும் பச்சை.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்த்தார். பிறகு கரண்டி பிடித்திருந்த அப்பாவின் விரல்களைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த கவ்வாத்துக் கத்தியைப் பார்த்தார். மூன்றையும் கூட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கடற்கரை மனிதர்களுக்கு இந்தத் தப்பு வரவே வராது. தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் நீலப் பச்சை என்றாலே மருந்து என்று தோன்றும்.

"மருந்தடிக்கிற ஆளு கைபட்ட மீனா? எலும்பு வரைக்கும் மருந்து ஏறியிருக்கே! யாரும் தொடாதீங்க, எந்திரிங்க" என்றார்.

அப்பா கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் தோளில் கிடந்த துண்டுக்குள் இழுத்து மூடிக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. நேரே போனேன். மாமனாராக வரவேண்டியவரின் தட்டிலிருந்து மீன் தலையை எடுத்தேன். எல்லோரும் பார்க்க நின்றபடியே பிய்த்துத் தின்றேன். "எங்கப்பா கையில விஷம் இருக்குன்னா நான் செத்துப் போவேன். இருந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பெண் பிள்ளை பேசியதே தப்பு, மாமனார் தட்டில் கை வைத்தது மகா தப்பு. இதை நினைத்து நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. தலைக்கறி ருசியாகத்தான் இருந்தது.

அவர்கள் போய்விட்டார்கள். யார் கையும் நனையவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் வளைவு திரும்பும் வரை குழம்புச் சட்டி இருந்த திசையையே பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்த சில நாட்கள் நான் தோட்டத்துக்கே வேடிக்கை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் கணக்கப்பிள்ளை என் முகத்தை உற்றுப் பார்த்தார். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிழவி நாக்கை நீட்டச் சொன்னாள், பச்சையாகிவிட்டதா என்று பார்க்க. நான் நீட்டிக் காட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே. உண்மையில் எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. வீட்டில் அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்துகொள்வார். தண்ணீர்ச் செம்பைக்கூட எனக்கு எடுத்துக் கொடுக்க மாட்டார். சம்பந்தம் போனதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. இதுதான் தாங்கவில்லை.

ஒரு நாள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது கீழ் ரோட்டில் லொறி நின்றது. டிரைவர் இறங்கி, இஞ்சின் சூடாகிவிட்டது என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, வாளியோடு எங்கள் பக்கத்து ஓடைக்கு வந்தார். இஞ்சின் எவ்வளவு சூடானது என்று எனக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். கங்காணி நல்ல மனிதர், அந்தப் பக்கம் திரும்பி நின்று பீடி பற்ற வைத்தார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் லொறிக்காரர்.

"செத்துப் போயி ரெண்டு நாளாச்சு. இது பேய்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். திருக்கோணமலைத் துறைமுகத்தில் முன்பு கொஞ்ச காலம் லொறி ஓட்டியிருக்கிறாராம். கிளிமீனை அங்கே நிறையப் பார்த்திருக்கிறாராம், தின்றும் இருக்கிறாராம். "அது பவளப் பாறையைக் கடிச்சுத் தின்னுங்க. அந்த அலகு அதுக்குத்தான். கல்லை அரைச்சு முழுங்கிட்டு, வெள்ளை மணலாப் பின்னாடி விட்டுட்டுப் போகும். கடக்கரை மணல்ல பாதி அது போட்டதுன்னு மீன்காரங்க சொல்லுவாங்க" என்றார்.

"எங்களுக்குப் போடுற அரிசியிலயும் கல்லுதான் இருக்கு. நாங்களும் அரைச்சுத்தான் முழுங்குறோம்" என்றேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "அப்ப அது நல்ல மீனுன்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஒக்காந்திருந்தீங்க?"

"அம்மா பேசுறப்ப நடுவுல பேசிப் பழக்கமில்லைங்க."

"அந்த மீனு கல்லையே கடிக்குது. ஒங்களுக்கு ஒங்கம்மா முன்னாடி வாயே தொறக்கல. எங்கப்பா இன்னைக்கு வரைக்கும் கையைத் துண்டுக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டுத் திரியுறாரு. அந்தக் கையை வெளிய எடுக்க வைக்க முடிஞ்சா வாங்க. இல்லாட்டி இந்தப் பக்கம் இஞ்சின் சூடாக வேணாம்." சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேல் வரிசைக்குப் போய்விட்டேன். கோபத்தில் முற்றல் இலையையும் சேர்த்துக் கிள்ளிவிட்டேன், அதற்குக் கங்காணியிடம் திட்டு வாங்கினேன்.

அந்த மீன் நீந்துவதை நான் பிற்காலத்தில் கண்ணால் பார்த்தேன். திருக்கோணமலையில் கோயில் மலையை ஒட்டிய கடலில், தெளிந்த தண்ணீரில், படகிலிருந்து குனிந்தால் அடி வரை தெரிந்தது. மற்ற மீன்கள் வாலை ஆட்டி ஓடும். இது முன்செட்டை இரண்டையும் சிறகு மாதிரி அடித்துப் பறந்துகொண்டு போனது. தலையைத் தண்ணீருக்குள் விட்டால் அது பாறையைக் கடிக்கிற கறுக்முறுக் சத்தம் கேட்கும் என்றார் படகுக்காரர். கொண்டை கலைந்துவிடும் என்று நான் விடவில்லை. இன்றும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது, விட்டிருக்கலாம்.

மற்றதெல்லாம் என் மகள் படித்துச் சொன்னது. அது பாறையைத் தின்பது பாறைக்காக இல்லையாம், அதன் மேலும் உள்ளும் வளரும் பாசிக்காகவாம். வாயில் கடிப்பதற்கு ஒரு பல், தொண்டைக்குள் அரைப்பதற்கு இன்னொரு பல் வரிசை, ஆட்டுக்கல் மாதிரி. பாசியை அது மேய்ந்துவிடுவதால்தான் பவளம் மூச்சுவிட்டு வளர முடிகிறதாம். சில வகைகள் தூங்கப் போகும் முன் வாயிலிருந்து வழவழப்பாக ஒன்றைச் சுரந்து, தன்னைச் சுற்றிக் கண்ணாடி போலக் கூடு கட்டிக்கொள்ளுமாம். குளிருக்கு நாங்கள் கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துக்கொள்வது மாதிரிதான், ஆனால் அதற்குத் தினமும் புதுக் கம்பளி. பச்சை எலும்புக்கும் காரணம் உண்டு. பித்தத்தில் இருக்கும் பச்சைச் சாயம்தான் சிலவற்றில் எலும்பு வரைக்கும் இறங்குகிறதாம். ஆகக்கூடி அதன் மருந்து அதன் உடம்பிலேயே இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பல வகைகளில் இளசுகளும் பெண்களும் பழுப்பாக, சாதாரணமாக, கண்ணில் படாமல் இருக்குமாம். கூட்டத்தின் தலைவனான பச்சை ஆண் செத்துப்போனால், பெண்களில் பெரியது மெல்ல மெல்ல நிறம் மாறி, ஆணாகவே ஆகி, அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். மகள் இதைப் பெரிய அதிசயமாகச் சொன்னாள். எனக்கு அதிசயமாக இல்லை. எங்கள் லயத்தில் புருஷன் போன பிறகு குரலும் நடையும் மாறி, பத்துக் குடும்பத்தை மிரட்டி வைத்திருந்த பெண்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும்.

கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், அந்தக் குடும்பம் மறுபடி வந்தது. முன்னால் லொறிக்காரர், கையில் ஐஸ் தண்ணீர் சொட்டும் சாக்கு. பின்னால் அவருடைய அப்பா, முகமெல்லாம் எதிர்பார்ப்பு. அவருக்கும் பின்னால் அம்மா, கட்டாயத்தின் பேரில் கோயிலுக்கு வந்த மாதிரி. லொறிக்காரர் சாக்கை இஸ்தோப்பில் வைத்துப் பிரித்தார். அதே கிளிமீன், அதே பச்சை, அதே நீல அலகு.

"மாமா, இதை நீங்கதான் வெட்டணும்" என்றார் என் அப்பாவைப் பார்த்து.

அப்பாவின் கை துண்டுக்குள் இன்னும் உள்ளே போனது. "வேணாம் தம்பி. வேற யாரையாவது வெட்டச் சொல்லுவோம்."

"வேற ஆளு வெட்டுனா எங்கம்மாவுக்கு விளங்காது. அவங்க கண்ணு முன்னாடியே வெட்டுங்க." பிறகு அவர் தன் அம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் ஆடியது, ஆனால் நிற்கவில்லை. "அம்மா, இது பொறந்ததுலேருந்தே இந்த நெறந்தான். இவரு கை தொடுறதுக்கு முன்னாடியே இப்படித்தான் இருக்கு, நல்லாப் பாருங்க. இவரு மருந்தடிக்கலேன்னா மலையில கொழுந்து ஏது? கொழுந்து இல்லாட்டி நான் லொறியில எதை ஏத்துறது? அந்தக் கை போடுற சோத்தைத்தாம்மா நாம இவ்வளவு நாளாத் தின்னுக்கிட்டு இருக்கோம்."

பிறந்ததிலிருந்தே அந்த நிறம் என்று சொன்னது தப்பு. இப்போதானே சொன்னேன், இளசில் அது பழுப்பு. ஆனால் அந்த நேரத்தில் எனக்கே அது தெரியாது, தெரிந்திருந்தாலும் திருத்தியிருக்க மாட்டேன். கல்லைக் கடிக்கும் வாய் அவருக்கு வந்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து மீனைத் தொட்டார். ஒரு செதிலை நகத்தால் சுரண்டினார். விரலில் ஒட்டுகிறதா என்று பார்த்தார், முந்தானையில் தேய்த்தும் பார்த்தார். சாயம் வரவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த நீலக் கைகளை எல்லோர் முன்னிலையிலும் நீட்டிக் கத்தியை வாங்கினார்.

குழம்பு கொதிக்கும் வரை மாப்பிள்ளையின் அப்பா அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை. பரிமாறியவரும் என் அப்பாதான். லொறிக்காரர் முதலில் பிசைந்து வாயில் வைத்தார். அவருடைய அப்பா அதற்குள் இரண்டாவது துண்டில் இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா தட்டில் மட்டும் வெறும் சோறு, மேலே ஒன்றும் இல்லை. கேட்காமல் வைக்க என் அப்பாவுக்குத் தைரியமில்லை, சட்டியோடு அவர் முன்னால் போய் நின்றார். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

"முள்ளு இல்லாத துண்டாப் பாத்து வைங்க, சம்பந்தி" என்றார்.

அப்பா சட்டிக்குள் வெகுநேரம் துழாவினார். கண் நிறைந்திருந்ததில் அவருக்கு மீனும் தெரியவில்லை, முள்ளும் தெரியவில்லை.